ஏரவாடா குளிரும் என் நூறு சிசி வண்டியும்

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் என் வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. மதியம் அரை மிதியில் கிளம்பியது. மதியம் எனக்கு வண்டியால் ஒரு பயனும் இல்லை. காலை ஐந்தே முக்காலுக்குத்தான் அது வேண்டும்.

அப்போது நான் புனேயில் ஏரவாடாவில் ஒரு அக்காவிடம் மாவு போடும் வேலையில் இருந்தேன். அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, இருபது வருடமாக இங்கேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். முந்தைய நாள் சாயங்காலம் அரைத்த மாவு ராத்திரி புளித்து, விடியற்காலையில் பாக்கெட்டில் ஏறும். அதை வண்டியில் கட்டிக்கொண்டு முண்டுவா பாலம் தாண்டி மகர்பட்டாவின் மாடிக் கட்டடங்களிலும், அப்படியே திரும்பி வானவடியில் ராணுவக் குடும்பங்கள் இருக்கும் வீடுகளிலும் கொடுக்க வேண்டும். எல்லாம் தமிழ் வீடுகள். ஏழு மணிக்குள் போனால் அது தோசை. ஏழு தாண்டினால் பிள்ளைகள் பிரெட்டைத் தின்றுவிட்டுப் பள்ளி பஸ் ஏறிவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பு பாதியில் நின்றதிலிருந்து நான் எந்த வேலையிலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. தூத்துக்குடியில் உப்பளம், பிறகு ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். அங்கிருந்து ஹூப்ளியில் லாரி ஆபீஸ், கோலாப்பூரில் இரும்பு வார்ப்புப் பட்டறை. ஒரு இடத்தில் வேலை போனால் பையைக் கட்ட எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அதைப் பெரிய கஷ்டமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பையில் அவ்வளவுதான் இருக்கும்.

ஆனால் இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. காரணம் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. காலையில் ஒரு கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து தமிழ் வரும். குக்கர் சத்தம், யாரோ யாரையோ எழுப்பும் குரல், பாதி வாக்கியம். அடுத்த கதவில் இன்னொரு பாதி. மகர்பட்டாவில் ஒரு வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுபவள், என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கத்துவாள்: "மம்மா, மாவ் அங்கிள் வந்துட்டான்!" அவள் அம்மா ஒவ்வொரு நாளும் "வந்துட்டாங்கன்னு சொல்லுடி" என்று திருத்துவார். ஒவ்வொரு நாளும் அவள் அப்படியே சொல்வாள். அதைக் கேட்கத்தான் போகிறேனோ என்று சில நாள் தோன்றும்.

புனேயில் அது என் முதல் குளிர்காலம். முதல் நாள் கிளம்பாதபோது குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மிதித்துக்கொண்டே இருந்தேன். கால் மரத்துப்போய், உடம்பு வியர்த்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டும் மிதித்தேன். 'டப் டப்' என்று இரண்டு தடவை இருமும். அடுத்த மிதிக்கு அதுவும் இருக்காது. ஏறு வெயில் தகரக் கூரையைத் தாண்டி வண்டிமேல் விழுந்த பிறகு ஒன்றும் நடக்காதது போல் கிளம்பியது. அன்று மகர்பட்டா போய்ச் சேர்ந்தபோது எட்டு. பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

"தம்பி, வாட்ஸப் பாத்தியா?" என்றார் அக்கா, நான் திரும்பி வந்ததும். "எல்லா வீட்டுலயும் கேக்காவ. என்னத்தச் சொல்ல?"

"குளிருக்கா. வண்டி எந்திரிக்க மாட்டேங்குது."

"நீ எந்திரிச்சிட்டேல்லா? மாவு எந்திரிச்சிட்டுல்லா? உன் காடிக்கு மட்டும் என்ன நோவு?" இருபது வருடத்தில் வண்டி அவர் வாயில் காடி ஆகிவிட்டது.

நானும் மெக்கானிக்தான். தூத்துக்குடி ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருடம் கைக்கறுப்போடு இருந்தவன். அந்த வண்டியையும் அங்கேதான் வாங்கினேன். அதனால் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. மதியம் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினேன். ஈரம் இல்லை, கரி இல்லை, சுத்தமாக இருந்தது. இருந்தாலும் உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். மிதித்தேன், கிளம்பியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

அடுத்த மதியம் டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். மிதித்தேன், கிளம்பியது. அதற்கடுத்த மதியம் கார்புரேட்டரையே கழற்றி, ஜெட்டை ஊதி, கிண்ணத்தைத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று வானம் தெரிந்தது. குழாய் துப்புரவாக இருக்கிறது என்று திருப்தியோடு மாட்டினேன். மிதித்தேன், கிளம்பியது.

காலையில் வரும் நோய்க்கு நான் மதியத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எது செய்தாலும் மதியத்தில் குணமாகத்தான் தெரியும். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

அக்காவின் கொழுந்தன் ஒருவன் அதே சந்தில் இருந்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனிடம் பேட்டரி ஸ்கூட்டர் இருந்தது. ஒரு நாள் காலை பல்குச்சியோடு வந்து நின்று பார்த்தான்.

"அண்ணே, சோக் தூக்குனீங்களா?"

"தூக்கித்தான் இருக்கு, பாரு." குளிரில் கிளப்புவதற்கென்று கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பி மேலேதான் இருந்தது.

"அப்போ பெட்ரோல் வண்டியே வேஸ்ட்டுண்ணே. பட்டன் அமுக்கு, சலோ."

"உனக்கு எத்தனை மாடிக்கு மாவு தூக்கத் தெரியும்?"

"லிஃப்ட் இருக்குல்ல," என்றான்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றே சொல்லிவிட்டார். "இதே மாதிரி இன்னும் ரெண்டு நாள் ஆச்சுன்னா கொழுந்தங்கிட்டக் குடுத்திருவேன் தம்பி. கோவிச்சுக்கிடக் கூடாது. எனக்கு மாவு வாங்குற வீடுதான் முக்கியம்."

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

புனே குளிரில் மாவு தானாகப் புளிக்காது. ஊரில் ராத்திரி மூடி வைத்தால் காலையில் பாத்திரம் வழிந்து கிடக்கும். இங்கே டிசம்பரில் வைத்தது வைத்தபடி கிடக்கும். அதனால் அக்கா மாவு வாளிகளை அடுப்புப் பக்கம் வரிசையாக வைத்து, வானவடியில் ஒரு ராணுவ வீட்டு அம்மா கொடுத்த பழைய கறுப்புக் கம்பளிகளைப் போர்த்தி, ஓரத்தைப் பிள்ளைக்குச் செருகுவது போல் செருகிவிடுவார். அன்று சாயங்காலம் அவர் அப்படிச் செருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, கிழிஞ்ச கம்பளி ஒண்ணு இருக்குமா?"

"உனக்கா?"

"வண்டிக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு குல்லாவும் வாங்கி மாட்டு." ஆனாலும் ஒன்றை எடுத்துத் தந்தார்.

ராத்திரி சாப்பிட்டதும் எஞ்சின் மேல் கம்பளியைப் போட்டு மூடினேன். வண்டியின் வலதுபக்க மூடி ஹூப்ளி ரோட்டில் எங்கோ கழன்று விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் எஞ்சின் காற்று இழுக்கும் ஏர் ஃபில்டரின் வாய் வெளியே தெரியும். கம்பளியின் ஒரு முனை அதன்மேலும் தொங்கியது. அதை நான் கவனிக்கவே இல்லை. காலையில் கம்பளியை எடுக்காமலே மிதித்தேன், சூடு போய்விடக் கூடாது என்று. மூன்றாவது மிதியில் வண்டி கிளம்பியது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று கேட்டார். "பாத்தியா, மாவும் வண்டியும் ஒண்ணுதான்" என்றார். கொஞ்ச நேரத்தில் புகை கறுப்பாக வந்தது, பெட்ரோல் வாடை அடித்தது. கம்பளியை உருவினேன். இரண்டு இருமல் இருமிவிட்டு வண்டி சீராக ஓடியது. அன்று ஆறரைக்கே மகர்பட்டாவில் இருந்தேன். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள்தான் எனக்கு அதிக புத்தி வந்தது. கம்பளி நழுவாமல் இருக்க வேண்டும் என்று அதை எஞ்சினோடு ஒட்டச் சுற்றி, சணல் கயிறு போட்டு நான்கு கட்டுக் கட்டினேன். அவ்வளவு அழகாக அதற்கு முன் கட்டியதில்லை. காலையில் தொட்டுப் பார்த்தேன், எஞ்சினில் மற்ற இரண்டு நாளைவிடக் கொஞ்சம் கதகதப்பு கூட இருந்தது. மிதித்தேன். கிளம்பவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாவோடு வண்டியை மெயின் ரோட்டு இறக்கம்வரை தள்ளிக்கொண்டு போய், உருட்டிவிட்டுக் கிளப்பினேன். முதல் வீட்டில் மணி ஏழே முக்கால். அந்தச் சின்னப் பெண் பள்ளிக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்ததும் அக்கா ஒன்றும் திட்டவில்லை. திட்டாததுதான் கவலையாக இருந்தது. "நாளைக்கு ஒரு நாள் பாப்போம். ஏழுக்குள்ள போவலன்னா, நாளான்னைக்கு அவன் எடுத்துக்கிடட்டும்."

அன்றுதான் கௌரவத்தை ஓரமாக வைத்தேன். எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு மராத்திப் பையன் கடை வைத்திருந்தான். பையன் என்றாலும் என்னைவிடப் பத்து வயது குறைவு, அவ்வளவுதான், முப்பதைத் தாண்டியவன். மதியம் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பிளக், பெட்ரோல், கார்புரேட்டர், கம்பளி எல்லாம். கம்பளி என்றதும் அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"கம்பளியா? அண்ணா, ஸ்வெட்டர் பின்னிப் போடலையா?" தெற்கேயிருந்து வந்த எல்லோரும் அவனுக்கு அண்ணாதான். மராத்திக்காரர் எல்லோரும் எனக்கு பாவு, அதாவது சகோதரன்.

"சிரிக்காத பாவு. ரெண்டு நாள் கிளம்புச்சு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "ரெண்டு நாள் கிளம்பி மூணாவது நாள் கிளம்பலையா?"

"ஆமா."

வண்டியை மிதித்துப் பார்ப்பான் என்று நினைத்தேன். தொடவே இல்லை. "இப்பப் பாத்து என்ன பண்ண? காய்ச்சல் விட்டப்புறம் டாக்டர்கிட்ட வந்தா அவர் என்ன பாப்பார்? இங்கயே வெளியில நிறுத்திட்டுப் போ. கம்பளி கூடாது. ராத்திரி பனியில நிக்கட்டும். யாரும் தொடக் கூடாது, நீயும் தொடக் கூடாது. காலையில ஆறு மணிக்கு நான் வர்றேன், அப்புறம் பாக்கலாம்."

"ஆறு மணிக்கு நான் ரோட்டுல இருக்கணும் பாவு."

"அப்போ கம்பளியே போட்டுக்கோ," என்று மறுபடி ஸ்பானரை எடுத்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொழுந்தனைக் கூப்பிட்டார். மாவை அவன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கு மெக்கானிக் கடைக்கு வர வேண்டும். ஆறே காலுக்குள் என் வண்டி கிளம்பினால் மாவு என் வண்டிக்கு மாறும். இல்லையென்றால் அவன் அப்படியே மகர்பட்டாவுக்குப் போய்விட வேண்டும். அதற்கப்புறம் தினமும் அவனே. "இது நியாயம்தானே தம்பி?" என்றார். நியாயம்தான் என்றேன்.

காலையில் நான் போகும்போது வண்டி சீட்டில் பனி கோத்து நின்றது. விரலால் தொட்டால் கோடு விழுந்தது. கொழுந்தன் மஃப்ளரைத் தலையில் சுற்றி, கண் மட்டும் தெரிய, மாவுப் பெட்டிகளோடு ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, எப்படியாவது ஸ்டார்ட் ஆயிரணும்ணே."

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

"எவன் தினம் அஞ்சு மணிக்கு எந்திரிக்கது? அண்ணிட்ட வாய விட்டு மாட்டிக்கிட்டேன். நேத்துல இருந்து தூக்கமே இல்லை."

மெக்கானிக் ஆறைத் தாண்டித்தான் வந்தான், கையில் இரண்டு டீயோடு. ஒன்றை அவனே குடித்தான், ஒன்றைக் கொழுந்தனிடம் கொடுத்தான். எனக்கு இல்லை. "நீ மிதி," என்றான். ஐந்தாறு தடவை மிதித்தேன். ஒரு இருமல்கூட இல்லை. "போதும்." பிளக்கைக் கழற்றிப் போன் வெளிச்சத்தில் பார்த்தான். காய்ந்து கிடந்தது. "இவ்வளவு மிதிச்சும் பெட்ரோல் நனையலை. குளிர்ல பெட்ரோல் அதிகமா வேணும், காத்து குறைச்சலா வேணும். உன் வண்டி காத்தை மட்டும் குடிக்குது." பிளக்கை மாட்டினான். வலதுபக்கம் குனிந்து, மூடியில்லாத இடத்தில் கையை விட்டு, ஏர் ஃபில்டர் வாயை உள்ளங்கையால் இறுக்கப் பொத்தினான்.

"இப்ப மிதி. ஆக்ஸிலேட்டர் கொடுக்காத."

முதல் மிதியில் இருமியது. இரண்டாவது மிதியில் கிளம்பியது.

அவன் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டு, திரும்ப ஒரு விரலை மூடி, கடைசியில் முழுதும் எடுத்தான். வண்டி நிற்காமல் ஓடியது. கம்பளி ஏன் இரண்டு நாள் வேலை செய்தது, ஏன் நான் அழகாகக் கட்டிய அன்று வேலை செய்யவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. சூடு அல்ல. அந்தத் தொங்கிய முனைதான் காற்றை மறைத்திருக்கிறது.

"சோக் தூக்கித்தானே இருக்கு?" என்றேன், இன்னும் கொஞ்சம் கௌரவம் மீதி இருந்ததால்.

அவன் வண்டியை அணைத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாயைத் தளர்த்தி, போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினான். "கம்பி வெளியில தூக்கி இருக்கு. அது எதைத் தூக்குது? பாரு. இங்க ஒரு தகடு இருக்கணும், காத்தை மறைக்க. இல்லை. ஸ்க்ரூ போட்ட ரெண்டு ஓட்டைதான் இருக்கு. எவன் கழட்டினான் இதை?"

நான் அந்த இரண்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடி ஒர்க்‌ஷாப்பில் சர்வீசுக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் அந்தத் தகட்டைத்தான் கழற்றுவோம். உப்புக்காற்றில் அது பாதியில் சிக்கிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். மீன் ஏற்றுகிறவர்கள் வந்து சண்டை போடுவார்கள். "இந்த ஊருக்கு இது எதுக்குல? கழத்தி எறி" என்பது முதலாளியின் உத்தரவு. அந்த வெயிலில் அது இல்லாமல் எந்த வண்டியும் நின்றதில்லை. இரண்டு சின்ன ஸ்க்ரூ, ஒரு தகடு, ஒரு பால்பவுடர் டப்பாவில் போய் விழும். டப்பா நிறைந்தால் பழைய இரும்புக்காரனிடம் போகும். அந்த வேலை எனக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். என் வண்டியை வாங்கிய அன்று அதையும் நானே கழற்றியிருப்பேன். தனியாக நினைவில்லை. தகடு இல்லாத கார்புரேட்டரைப் பார்த்துத்தான் நான் தொழிலே படித்தேன். அதனால் மதிய வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே ஒன்றுமில்லாமல் வானம் தெரிந்தது எனக்குச் சரியாகவே பட்டது.

"நான்தான் கழட்டினேன்," என்றேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "நீயும் மெக்கானிக்கா அண்ணா?"

"ஆமா."

"நல்லவேளை, நீ டாக்டருக்குப் படிக்கலை."

கொழுந்தன் டீயைத் தரையில் சிந்திக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய கார்புரேட்டர்ல தகடு கிடக்கும், தேடி எடுத்து மாட்ட அரை மணி நேரம் ஆகும்," என்றான் மெக்கானிக். அரை மணி நேரம் எங்களிடம் இல்லை. "மதியம் வா. இப்பக் கைதான் உன் சோக்."

ரப்பர் குழாயை அவன் இறுக்கியதும் நானே குனிந்து பொத்தினேன். குளிர்ந்த ரப்பர் உள்ளங்கையைப் பிடித்து உறிஞ்சியது. கொழுந்தன் எனக்காக மிதித்தான். கிளம்பியது. அவன் காட்டியது போலவே விரல் விரலாக எடுத்தேன். பெட்டிகளை இரண்டு பேருமாக மாற்றிக் கட்டினோம். கொழுந்தன் கட்டியதுபோல் யாரும் அவ்வளவு வேகமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டான்.

கல்யாணி நகர் ரோட்டில் முதல் கொஞ்ச தூரம் சிக்னலில்கூட வண்டியை அணையவிடாமல் பிடித்துக்கொண்டு போனேன். பாலத்தின்மேல் ஆற்றுப் பனி மூக்கை அறுத்தது. அதற்குள் எஞ்சின் சூடேறிவிட்டது. மகர்பட்டா கேட்டில் காவலாளியின் போனைக் குனிந்து பார்த்தேன். ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

முதல் வீட்டில் குரங்குக் குல்லா போட்ட வங்கி சார், ரிடையர் ஆனவர், கதவைத் திறந்து பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார்.

"என்னப்பா, மாவு இன்னைக்குச் சரியாப் புளிக்கலை போல?"

"குளிர் சார்."

"குளிர்னு சொன்னா ஆச்சா? போர்த்தி வைக்கச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். ஐந்தாவது மாடியில் சின்னப் பெண் பள்ளி உடுப்பில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு நின்றிருந்தாள். வழக்கம் போல உள்ளே திரும்பிக் கத்தினாள். வழக்கம் போல அவள் அம்மா திருத்தினார்.

மதியம் மெக்கானிக் ஒரு செத்த வண்டியிலிருந்து தகட்டை எடுத்து வந்தான். மாட்டுவதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கழற்றத் தெரிந்த அளவுக்கு அதை மாட்ட எனக்குத் தெரியவில்லை. ஸ்க்ரூ இரண்டு தடவை கை தவறிக் கீழே விழுந்தது. அதைப் பொறுக்க அவன் காந்தத்தைக் கொடுத்தான். கம்பியைத் தூக்கினால் உள்ளே தகடு திரும்புவதை நாலைந்து தடவை பார்த்துவிட்டுத்தான் குழாயை மாட்டினேன். கிழிந்த கம்பளியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து, அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா வேலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. கொழுந்தன் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான் என்று தெரியும், அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை மறைக்க வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் நான் பல் விளக்கிவிட்டு வெளியே வந்தபோது, அவர் என் வண்டியின் கேரியரில் மாவுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வாளிகளின்மேல் கம்பளி இன்னும் கிடந்தது. நான் குனிந்து கம்பியைத் தூக்கி, ஒரு மிதி மிதித்தேன். இரண்டாவது மிதிக்குக் கிளம்பியது.

"என்ன பாத்துட்டு நிக்க? ஜல்தி போ," என்றார் அக்கா. "வங்கிக்காரர் வீட்டுக்கு, பெட்டியில மேலாப்புல இருக்கிற பாக்கெட்டக் குடு. அது நல்லாப் புளிச்சிருக்கு."